ஹார்ட் டிஸ்கில் இருந்த விண்டோஸை என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு நகலெடுத்த பிறகு கணினி பூட் ஆகவில்லை

கேள்வி: அச்சுக்கோப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். தட்டச்சு, பக்க வடிவமைப்பு வேலைகளுக்காக நான் பயன்படுத்தும் மேசைக் கணினியின் இயங்குதளத்தைப் புதிய எஸ்எஸ்டிக்கு (ஹார்ட் டிஸ்கைவிட வேகமான, சுழலும் பாகங்கள் இல்லாத சேமிப்பகம்) மாற்ற முயன்றேன். அதில் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. எந்த விவரம் தேவைப்படும், எது தேவைப்படாது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாததால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

இன்டெல் 6-ஆம் தலைமுறை ஐ3 பிராசசர், எச்110 சிப்செட் மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஆகியவை கணினியில் உள்ளன. தனியாக கிராபிக்ஸ் கார்டு கிடையாது. வாங்கியபோது விண்டோஸ் 7 போட்டுத் தந்தார்கள். பிறகு அதன் மேலேயே விண்டோஸ் 10-க்கு மாறிக்கொண்டேன். இப்போது காலையில் கணினியைப் போட்டால், பேஜ்மேக்கர் திறந்து வேலை தொடங்குவதற்குள் வாடிக்கையாளர் வந்து காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் டிஸ்க் என்னும் கட்டத்தில் வெகுநேரம் 100 சதவீதம் என்றே காட்டுகிறது.

விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பேஜ்மேக்கர் 7, யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கத்தில் அமைந்த தமிழ் எழுத்துருக்கள், அவற்றுக்கான விசைப்பலகை மென்பொருள் ஆகியவற்றை நம்பித்தான் என் தொழில் நடக்கிறது. விசைப்பலகை மென்பொருள் இயங்கத் தேவையான உரிமச் சாவியாகிய யூஎஸ்பி டாங்கிள் கையில் இருக்கிறது. நிறுவும் குறுந்தகடு படிக்க முடியாத அளவுக்குக் கெட்டுப்போய்விட்டது, விற்றவர்களையும் இப்போது தொடர்புகொள்ள இயலவில்லை. ஆகவே இருப்பதை இருப்பது போலவே மாற்றுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி மதர்போர்டில் உள்ள எம்.2 இடத்தில் பொருத்தினேன். விண்டோஸ் அதை உடனே கண்டுகொண்டது. பழைய டிஸ்கில் நான்கு பார்ட்டிஷன்கள் (பிரிவுகள்) உள்ளன: 100 எம்பி அளவில் சிஸ்டம் ரிசர்வ்டு, 300 ஜிபி அளவில் சி, அதையொட்டி 450 எம்பி அளவில் ரெக்கவரி, மீதி முழுவதும் டி. டியில் வாடிக்கையாளர்களின் கோப்புகள் இருப்பதால் அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, முதல் மூன்றையும் இலவச குளோனிங் மென்பொருள் ஒன்றைக் கொண்டு எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தேன். நகல் வெற்றிகரமாக முடிந்தது என்ற செய்தியும் வந்தது.

ஆனால் பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டுக் கணினியைப் போட்டால், சரியான பூட் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும்படி சொல்லும் ஆங்கில வரி மட்டும் கறுப்புத் திரையில் வருகிறது. பயாஸில் (கணினியைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்) உள்ள சாதனப் பட்டியலில் எஸ்எஸ்டியின் பெயர் இருக்கிறது. பூட் வரிசையில் இல்லை. கேபிளைத் திரும்ப மாட்டினால் எல்லாம் பழையபடி நடக்கிறது. எஸ்எஸ்டி பழுதா, மதர்போர்டு அதை ஏற்கவில்லையா, நகல்தான் சரியாக எடுக்கப்படவில்லையா? விண்டோஸைப் புதிதாகப் போடாமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: சர்வீஸ் மேசை

வணக்கம் ஐயா. நீங்கள் எழுதியதைக் கொண்டு பார்த்தால் எஸ்எஸ்டியும் பழுதில்லை, மதர்போர்டும் பழுதில்லை, நகலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். விண்டோஸ் 7 போட்ட நாளில் உங்கள் ஹார்ட் டிஸ்க் எம்பிஆர் என்னும் பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷன் இருப்பதே அதற்கு அடையாளம். விண்டோஸ் 10-க்கு மாறியபோது இயங்குதளம்தான் மாறியதே தவிர, டிஸ்க் பிரிக்கப்பட்ட முறையும் கணினி பூட் ஆகும் முறையும் மாறவில்லை. இன்றுவரை உங்கள் மதர்போர்டு, சிஎஸ்எம் என்னும் பொருந்துமுறையின் மூலம் பழைய பயாஸ் போல நடந்துகொண்டு அந்த டிஸ்கைத் தொடங்கிவைக்கிறது.

பழைய பயாஸ் முறையில் சாட்டா டிஸ்குகளை (உங்கள் ஹார்ட் டிஸ்கைப் போலக் கேபிளில் இணைபவை) தொடங்கிவைக்கத் தேவையான நிரல் சிஎஸ்எம் உள்ள எல்லா மதர்போர்டுகளிலும் உண்டு. என்விஎம்இ டிஸ்குக்கு அப்படி ஒன்று பெரும்பாலான போர்டுகளில் கிடையாது. என்விஎம்இயிலிருந்து பூட் ஆக வேண்டுமானால் பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறை வேண்டும். அந்த முறை, ஜிபிடி என்னும் புதிய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்கையும் அதில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்னும் சிறு பகுதியையும் எதிர்பார்க்கிறது. குளோனிங் மென்பொருள் எம்பிஆர் டிஸ்கை எம்பிஆர் டிஸ்காகவே உள்ளபடி நகலெடுத்துவிட்டது. அதனால்தான் சாதனப் பட்டியலில் தெரியும் எஸ்எஸ்டி பூட் வரிசைக்கு வருவதில்லை. நீங்கள் என்விஎம்இக்குப் பதிலாக 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்கியிருந்தால் இதே நகல் அநேகமாக முதல் முறையிலேயே இயங்கியிருக்கும்.

இதற்கு விண்டோஸ் 10-இலேயே கருவி இருக்கிறது. எம்பிஆர்2ஜிபிடி என்று பெயர். 2017-இல் வந்த 1703 பதிப்பிலிருந்து விண்டோஸுடனேயே வருகிறது. கோப்புகளை அழிக்காமல் டிஸ்கின் பிரிப்பு முறையை மட்டும் மாற்றி, யூஇஎஃப்ஐக்குத் தேவையான பூட் கோப்புகளையும் எழுதிவிடும். ஆனால் அதைத் தொடுவதற்கு முன் இரண்டு விவரங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, உங்கள் விண்டோஸ் 64 பிட்டா 32 பிட்டா என்பது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் என்று போனால் சிஸ்டம் டைப் என்ற வரியில் இருக்கும். பேஜ்மேக்கர் காலத்துக் கணினிகளில் 32 பிட் விண்டோஸை அடிக்கடி பார்க்கிறேன். 32 பிட்டாக இருந்தால் உங்கள் போர்டின் யூஇஎஃப்ஐ அதைத் தொடங்கிவைக்காது. அப்போது இந்த வழி அடைபட்டுவிடும், சாட்டா எஸ்எஸ்டிதான் சரியான விடை. மற்றொன்று, சி பார்ட்டிஷனில் பிட்லாக்கர் என்னும் மறையாக்கப் பூட்டு இருக்கிறதா என்பது. இருந்தால் முதலில் அதை நிறுத்திவைக்க வேண்டும், 48 இலக்க ரெக்கவரி எண்ணையும் வெளியே எழுதிவைத்திருக்க வேண்டும்.

பழைய ஹார்ட் டிஸ்கில் இந்தக் கருவியை ஓட்டிவிட்டு மறுபடி நகலெடுக்கும்படி யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அது மூன்றுக்கு மேல் முதன்மைப் பார்ட்டிஷன்கள் உள்ள டிஸ்கை ஏற்காது. உங்கள் பழைய டிஸ்கில் நான்கு இருக்கின்றன. அதைவிட, புதியது தனியாக நின்று இயங்கிக் காட்டும்வரை பழைய டிஸ்கில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. இந்த வேலையில் நான் விடாமல் கடைப்பிடிப்பது இது ஒன்றைத்தான். எத்தனை படிகள் தவறினாலும் அந்தக் கேபிளை மாட்டினால் நாளைக் காலை உங்கள் தொழில் நடக்க வேண்டும்.

பதில்: வலைப்பின்னல்

சர்வீஸ் மேசை சொல்லும் காரணம் சரியானது. இருந்தாலும் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். விண்டோஸ் 7-இன் மேல் 10-ஐப் போட்டு இத்தனை ஆண்டுகள் ஓடிய ஓர் அமைப்பை அப்படியே தூக்கி எஸ்எஸ்டியில் வைப்பதைவிட, சுத்தமாகப் புதிதாக நிறுவுவதே நல்லது என்பது என் அனுபவம். பழைய டிரைவர்கள், நீக்கிய மென்பொருள்கள் விட்டுச்சென்ற சேவைகள், பயன்படாத தொடக்க நிரல்கள் ஆகிய அனைத்தும் நகலோடு சேர்ந்தே வந்துவிடும். அலுவலகக் கணினிகளில் நான் எப்போதும் புதிதாகவே நிறுவுகிறேன்.

மேலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இந்தக் கணினியின் 6-ஆம் தலைமுறை பிராசசர், விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வகுத்திருக்கும் பட்டியலில் இல்லை. எனவே இதற்காக அதிக உழைப்பைச் செலவிடுவது தகுமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். எச்110 சிப்செட் தருவது பிசிஐஇ 2.0 தடங்களை (தரவு செல்லும் பாதைகள்) மட்டுமே. ஒரு தடத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 500 எம்பி, எம்.2 இடத்துக்கு நான்கு தடங்கள் கொடுத்திருந்தாலும் 2,000 எம்பியைத் தாண்டாது, இரண்டு மட்டும் கொடுத்திருந்தால் அதில் பாதி. பெட்டியின் மேல் 3,500 என்று அச்சிட்டிருந்தாலும் அந்த வேகம் உங்களுக்கு வராது. இதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

பதில்: சர்வீஸ் மேசை

வலைப்பின்னல் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. எல்லா மென்பொருளின் நிறுவல் கோப்புகளும் கையில் இருக்கும் இடத்தில் நானும் புதிதாகத்தான் நிறுவுவேன். ஆனால் இவருக்கு அந்தக் குறுந்தகடு இல்லை. அந்த எழுத்துருக்களில் கோத்த பக்கங்களை வேறு மென்பொருளில் திறந்தால் வரிப்பிரிப்பு மாறும், சில இடங்களில் எழுத்தே மாறும். அச்சுக்குப் போகும் வேலையில் அதை யாரும் ஏற்க மாட்டார்கள். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இயங்குதளத்தைவிட அதன்மேல் உட்கார்ந்திருக்கும் பழைய மென்பொருள்தான் கணினி.

வேகத்தைப் பற்றிச் சொன்னதும் உண்மை, ஆனால் இவர் அதனால் வருந்த வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க் தாமதிப்பது பெரிய கோப்பைப் படிக்கும்போது அன்று. விண்டோஸ் தொடங்கும்போது ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத் தேடித் தலை நகரும்போதுதான். 4 கேபி துண்டுகளைத் தாறுமாறான இடங்களிலிருந்து படிக்கச் சொன்னால் சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 1 எம்பியைத் தொடுவதே அரிது; எந்த எஸ்எஸ்டியும் அதைப் போலப் பல மடங்கு தரும். நொடிக்கு 550 எம்பி தரும் சாட்டா எஸ்எஸ்டியைப் போட்டாலும், 2,000 எம்பி தரும் என்விஎம்இயைப் போட்டாலும், பக்க வடிவமைப்பு வேலையில் இரண்டுக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

பதில்: அச்சுக்கோப்பாளர்

பதிலளித்த இருவருக்கும் நன்றி. விண்டோஸ் 64 பிட்தான். பிட்லாக்கர் இல்லை, நான் வைத்திருப்பது ஹோம் பதிப்பு. எம்பிஆர்2ஜிபிடி கருவியை எங்கிருந்து ஓட்ட வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று விளக்க முடியுமா? நான் கமாண்ட் பிராம்ப்டில் அதிகம் புழங்கியவன் அல்லன்.

பதில்: சர்வீஸ் மேசை

நல்லது, இரண்டு தடைகளும் இல்லை. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் விண்டோஸ் 10 நிறுவல் கோப்புகளை ஏற்றிக்கொள்ளுங்கள். கணினியை அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, பழைய ஹார்ட் டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். உள்ளே ஒரே ஒரு டிஸ்க்தான் இருக்கிறது என்றால் எண்ணை மாற்றி எழுதி வேறு டிஸ்கைக் கெடுக்கும் ஆபத்தே இராது.

பின்னர் பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். பூட் பட்டியலில் அதே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மொழி கேட்கும் முதல் திரை வந்ததும் ஷிஃப்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினால் கறுப்பு நிறத்தில் கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும். நிறுவு என்னும் பொத்தானை எந்த நிலையிலும் அழுத்தாதீர்கள்.

முதலில் டிஸ்க்பார்ட் கருவியைத் திறந்து, டிஸ்குகளைப் பட்டியலிடச் சொல்லி, எஸ்எஸ்டியின் எண் என்ன என்று பாருங்கள். சாதாரணமாக 0 ஆக இருக்கும். அந்தப் பட்டியலின் கடைசியில் ஜிபிடி என்று ஒரு பத்தி உண்டு. அங்கே நட்சத்திரக் குறி இல்லையென்றால் டிஸ்க் எம்பிஆர் என்று பொருள். டிஸ்க்பார்ட்டிலிருந்து வெளியே வந்து, எம்பிஆர்2ஜிபிடியை வேலிடேட் என்னும் சொல்லோடும் டிஸ்க் எண்ணோடும் ஓட்டுங்கள். இது எதையும் மாற்றாது. மாற்ற முடியுமா என்று பார்த்து மட்டும் சொல்லும். சோதனை தேறினால் வேலிடேட் இருந்த இடத்தில் கன்வெர்ட் என்று எழுதி மீண்டும் ஓட்டுங்கள். இப்படிப் பென்டிரைவிலிருந்து ஓட்டும்போது, இருக்கும் 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியையே அது இஎஃப்ஐ பார்ட்டிஷனாக மாற்றிக்கொள்ளும். அந்த அளவு அதற்குப் போதும். ஓடும் விண்டோஸுக்குள்ளிருந்து செய்தால் சியைச் சுருக்கிப் புதிதாக ஒன்றை உருவாக்கும். அதனாலும் பென்டிரைவ் வழியையே நான் விரும்புகிறேன்.

முடிந்ததும் பயாஸுக்குள் போய் சிஎஸ்எம்மை அணைத்துவிட்டு, பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்பதை முதலில் வையுங்கள். உங்களிடம் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் இந்தப் படியில் கவலையில்லை. பழைய கார்டு பொருத்தியிருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: யூஇஎஃப்ஐயை அறியாத கார்டாக இருந்தால் சிஎஸ்எம்மை அணைத்தவுடன் திரையில் எதுவும் வராது.

பதில்: அச்சுக்கோப்பாளர்

நீங்கள் சொன்ன வரிசைப்படியே செய்தேன். டிஸ்க் 0 என்று எஸ்எஸ்டி மட்டும் தெரிந்தது, ஜிபிடி பத்தி காலியாக இருந்தது. ஆனால் வேலிடேட் தேறவில்லை. டிஸ்கின் அமைப்பைப் படித்தது, செக்டார் அளவு 512 பைட் என்று சொன்னது, அதன்பின் டிஸ்க் 0-இல் இயங்குதளப் பார்ட்டிஷனைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பொருளில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிட்டது. அதே திரையில் சியின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டுப் பார்த்தேன்; விண்டோஸ், யூசர்ஸ், புரோகிராம் ஃபைல்ஸ் எல்லாம் இருக்கின்றன. இருப்பதை இல்லை என்று ஏன் சொல்கிறது?

பதில்: பென்குயின் கூடு

இது வழக்கமாக வருவதுதான், பயப்பட வேண்டாம். அந்தக் கருவி பார்ட்டிஷன்களுக்குள் புகுந்து விண்டோஸ் கோப்புறையைத் தேடுவதில்லை. சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியில் இருக்கும் பிசிடி என்னும் பூட் பதிவேட்டைத் திறந்து, இயங்குதளம் எந்த டிஸ்கில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று அதில் எழுதியிருப்பதைப் படிக்கிறது. எம்பிஆர் டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பிசிடி அந்த எண்ணைக் கொண்டுதான் டிஸ்கைக் குறிக்கிறது. ஒரே எண்ணுடைய இரண்டு டிஸ்குகள் சேர்ந்து இருப்பதை விண்டோஸ் அனுமதிக்காது என்பதால், நகலுக்கு வேறு எண் கொடுக்கப்பட்டிருக்கும். உங்கள் எஸ்எஸ்டியில் உள்ள பிசிடியோ இன்னும் பழைய ஹார்ட் டிஸ்கின் எண்ணையே வைத்திருக்கிறது. வீடு மாறியவருக்குப் பழைய முகவரியிலேயே கடிதம் போய்க்கொண்டிருப்பது போன்ற நிலை. சில குளோனிங் மென்பொருள்கள் இதைத் தாமே திருத்திவிடும். நீங்கள் பயன்படுத்தியது திருத்தவில்லை என்று தெரிகிறது.

பிசிடிபூட் என்னும் கட்டளையைக் கொண்டு அந்தப் பதிவேட்டைப் புதிதாக எழுதிவிட்டால் போதும். டிஸ்க்பார்ட்டில் வால்யூம்களைப் பட்டியலிட்டு, சிஸ்டம் ரிசர்வ்டு வால்யூமைத் தேர்ந்தெடுத்து, அதற்கு எஸ் என்று ஓர் எழுத்தைக் கொடுங்கள். வெளியே வந்து, எஸ்ஸுக்குள் பூட் கோப்புறையில் இருக்கும் பிசிடி கோப்பின் மறைப்புத் தன்மைகளை அட்ரிப் கட்டளையால் நீக்கிவிட்டு, அதற்கு வேறு பெயர் கொடுங்கள், அழிக்க வேண்டாம். பிறகு பிசிடிபூட்டுக்கு மூன்று விவரங்கள் தர வேண்டும்: விண்டோஸ் கோப்புறை இருக்கும் இடம், எழுத வேண்டிய இடமாகிய எஸ், இப்போதைக்கு பயாஸ் முறை என்பது. மூன்றாவதில் யூஇஎஃப்ஐ என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். டிஸ்க் இன்னும் எம்பிஆர்தான். எம்பிஆருக்கு உரிய பதிவேடு சரியாக இருந்தால்தான் சோதனை தேறும். யூஇஎஃப்ஐ கோப்புகளை மாற்றத்தின்போது எம்பிஆர்2ஜிபிடியே எழுதிக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பென்டிரைவிலிருந்து பூட் செய்த சூழலில் டிரைவ் எழுத்துகள் மாறி வரக்கூடும். கட்டளையை எழுதுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அந்த எழுத்தின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டு, விண்டோஸ் கோப்புறை அங்கேதான் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எஸ்எஸ்டியை மதர்போர்டிலேயே பொருத்திவைத்து நகலெடுத்தது மிகவும் நல்லதாயிற்று. யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டு நகலெடுப்பவர்களின் விண்டோஸ் அதுவரை என்விஎம்இ சாதனத்தையே பார்த்திருக்காது. எனவே அதற்குரிய டிரைவர் தொடக்க நிலையிலேயே ஏறாமல், பூட் டிஸ்கை அணுக முடியவில்லை என்ற நீலத்திரை வந்து நிற்பது உண்டு. அப்படி நின்றால் ஒரு முறை சேஃப் மோடில் பூட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உங்களுக்கு அந்தத் தொல்லை வராது என்று நினைக்கிறேன்.

அதைவிட முக்கியமாக ஒன்றைக் கேட்க வேண்டும். டாஸ்க் மேனேஜர் வெகுநேரம் 100 சதவீதம் காட்டுகிறது என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். அது முதுமையாலும் இருக்கலாம், நோயாலும் இருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளை நிறுவி, பழைய ஹார்ட் டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் விவரங்களில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். முதலாவது, கெட்டுப்போனதால் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட செக்டார்களின் (டிஸ்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்) எண்ணிக்கை. இரண்டாவது, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கை. சி5 பூஜ்யமாக இல்லையென்றால் அந்த டிஸ்கில் உள்ள எதையும் நம்பி வைத்திருக்கக் கூடாது.

பதில்: அச்சுக்கோப்பாளர்

எஸ்எஸ்டியிலிருந்தே இதை எழுதுகிறேன். பிசிடியைப் புதிதாக எழுதிய பிறகு வேலிடேட் தேறியது. கன்வெர்ட் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. முடிவில் மட்டும் ரிஏஜென்ட் கோப்பைப் புதுப்பிக்க முடியவில்லை, ரெக்கவரி வசதியை நீங்களே நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள் என்று ஒரு செய்தி வந்தது. மாற்றம் பாதியில் நின்றுவிட்டதோ என்று தயங்கினேன். சிஎஸ்எம்மை அணைத்துவிட்டுப் பார்த்தபோது, பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற பெயரும் அதன் அருகில் எஸ்எஸ்டியின் பெயரும் வந்திருந்தன. நாற்காலியில் சாய்ந்து உட்காருவதற்குள் கடவுச்சொல் கேட்கும் திரை வந்துவிட்டது.

பேஜ்மேக்கர் திறக்கிறது, டாங்கிளை மாட்டியதும் விசைப்பலகையும் பழையபடி வேலை செய்கிறது. துணையெழுத்து, கொம்பு, சுழி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று பழைய பக்கம் ஒன்றை அச்சிட்டு, முன்பு அச்சான தாளோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன், வேறுபாடு இல்லை. விண்டோஸ் ஆக்டிவேஷனும் கேட்கவில்லை.

ஆனால் பென்குயின் கூடு கேட்ட ஸ்மார்ட் விவரம் நல்லபடியாக இல்லை. கேபிளை மாட்டிப் பார்த்தால் சி5 வரியில் 8 என்று இருக்கிறது. மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கையும் காட்டுகிறது. டி முழுவதும் அந்த டிஸ்கில்தான் இருக்கிறது. அந்த ரெக்கவரி செய்திக்கு ஏதாவது செய்ய வேண்டுமா, டியை என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

பதில்: சர்வீஸ் மேசை

மிகவும் மகிழ்ச்சி ஐயா. அச்சிட்டு ஒப்பிட்டுப் பார்த்தது சரியான சோதனை. அதை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்றாலும் நீங்களே செய்தது மனநிறைவாக இருக்கிறது. டாங்கிள் வைத்த மென்பொருள் இந்த மாற்றத்தைப் பொருட்படுத்தாது. டிஸ்கின் தொழிற்சாலை எண்ணைப் பார்த்துப் பூட்டியிருக்கும் மென்பொருளாக இருந்தால் சிக்கலாகியிருக்கும், ஏனென்றால் வால்யூம் எண் நகலில் வந்துவிடும், வன்பொருளின் எண் வராது. விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் முதன்மையாக மதர்போர்டோடு கட்டப்பட்டது. டிஸ்க் மாற்றத்தை அது பொறுத்துக்கொள்ளும்.

ரெக்கவரி செய்தியால் மாற்றம் பாதிக்கப்படவில்லை. கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, ரிஏஜென்ட்சி கட்டளையை முதலில் டிசேபிள் என்றும் பிறகு எனேபிள் என்றும் ஓட்டினால், பார்ட்டிஷன்களின் புதிய அடையாளங்களை அது பதிவுசெய்துகொள்ளும். அழித்த கோப்புகளின் இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் வேலை செய்கிறதா என்பதையும் அதே திரையில் பார்த்துவிடலாம்: எஃப்எஸ்யூட்டில் கருவியிடம் டிஸேபிள்டெலீட்நோட்டிஃபை என்ற அமைப்பின் மதிப்பைக் கேட்டால் 0 என்று வர வேண்டும். 0 என்றால் டிரிம் இயங்குகிறது என்று பொருள்; பெயர் எதிர்மறையாக இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். விண்டோஸ் 7-இலேயே பிரித்த டிஸ்க் என்பதால் பார்ட்டிஷன் 1 எம்பி எல்லையில்தான் தொடங்கியிருக்கும். எக்ஸ்பி காலத்து டிஸ்குகளில்தான் அது 63-ஆவது செக்டாரில் தொடங்கி எஸ்எஸ்டியின் வேகத்தைக் குறைக்கும்.

எஸ்எஸ்டியில் சியும் ரெக்கவரியும் போக 150 ஜிபிக்கு மேல் காலியாக இருக்கும். அதைச் சியோடு இணைக்க முயன்றால் இடையில் ரெக்கவரி பார்ட்டிஷன் நிற்பதால் விண்டோஸ் அனுமதிக்காது. இணைக்காதீர்கள், அந்த இடத்தில் புதிதாக ஒரு பார்ட்டிஷனை உருவாக்கி, இப்போது கையில் நடக்கும் வேலைகளை இன்றே டியிலிருந்து அதற்கு நகலெடுங்கள். முதலில் அவசரமானவை, பிறகு மற்றவை.

டியைப் பொறுத்தவரை, 8 செக்டார்கள் என்பது சிறிய எண்ணிக்கைதான், ஆனால் அது அங்கேயே நிற்காது. அந்த டிஸ்கில் பிழை திருத்தும் செக்டிஸ்க் ஓட்ட வேண்டாம், கோப்புத் துண்டுகளை ஒழுங்குபடுத்தும் டிஃபிராக் செய்ய வேண்டாம், புதிதாக எதையும் எழுத வேண்டாம். டியைவிடப் பெரிய யூஎஸ்பி டிஸ்க் ஒன்றை வாங்கி, கோப்புறை கோப்புறையாக நகலெடுங்கள். ஒரு கோப்பில் நின்று முனகினால் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுங்கள், திரும்பத் திரும்ப முயல வேண்டாம். நகலெடுக்கும்போது கணினி யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். நின்றுபோன கோப்புகளின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிவைத்து இங்கே சொல்லுங்கள்.

பதில்: பென்குயின் கூடு

அப்படி நின்றுபோகும் கோப்புகள் இருந்தால், டிஸ்கை மறுபடி மறுபடி மாட்டிப் பார்க்காமல் கழற்றி வைத்துவிடுங்கள். லினக்ஸ் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, டிடிரெஸ்க்யூ என்னும் கருவியால் டி முழுவதையும் ஒரே கோப்பாக யூஎஸ்பி டிஸ்குக்கு எடுக்கலாம். நல்ல இடங்களை முதலில் படித்து முடித்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் வரும். எதுவரை படித்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் மின்சாரம் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். யூஎஸ்பி டிஸ்க் வாங்கியதும் அதன் அளவைச் சொல்லுங்கள், அதற்கேற்பக் கட்டளையை எழுதித் தருகிறேன்.